கனிஷ்கா விட்ட எழுத்துகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் நீளச் சுவருக்குப் பின்னால், எட்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே குழாயும் ஒரே துணிக்கம்பியும் உள்ள ஒரு லைன் வீட்டில், பொங்கலுக்குச் சுவரில் அடித்த சுண்ணாம்பு சாய்கிறவர் தோளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த நாட்களில், மூன்றாம் வகுப்புப் படிக்கிற கனிஷ்கா வாசிக்கும்போது விட்டுவிட்ட எழுத்துகள் புத்தகத்தை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தன.

முதலில் இறங்கியது ஒரு புள்ளிதான். அவள் அம்மா துளசிமணி அதைக் கடுகென்று நினைத்து விரலால் ஒற்றியெடுத்து டப்பாவில் போட்டுவிட்டாள். மறுநாள் தாளிக்கும்போது மற்றக் கடுகெல்லாம் வெடித்து ஓய்ந்த பிறகும் அது ஒன்று மட்டும் வெடிக்காமல் எண்ணெயில் சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்து ஒரு துணைக்கால் இறங்கியது, பின்னாலேயே கொம்புகள் இறங்கின, அப்புறம் சுழியும் வயிறுமாக முழு எழுத்துகளே பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கி, பாயில் குதித்து, கதவிடுக்கு வழியாக வெளியே போயின. அவை இருந்த இடத்தில் புத்தகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொத்தல் விழுந்தது, பூச்சி அரித்த பனியன் மாதிரி.

லைன் வீட்டுக்காரர்கள் முதலில் எறும்பென்று நினைத்து வாசலில் எறும்பு சாக்பீஸால் கோடு கிழித்தார்கள். எழுத்துகள் அந்தக் கோட்டைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, கோடு போட்ட நோட்டில் நிற்பதுபோல அதன் மேல் வரிசையாக நின்றன. எறும்பு இப்படி நிற்காது என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காற்றில் பறந்து வந்த பக்கத்து வீட்டுத் துணியை மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதுபோல, "துளசி, உன்ற புள்ளையோடது ஒண்ணு என்ற தலகாணில தூங்கிட்டுக் கெடந்துச்சு, இந்தா" என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். கீரைக்காரர் கீரைக்கட்டை உதறிவிட்டுத்தான் கொடுத்தார். சாக்கடையை எழுத்து அடைக்கிறது என்று வீட்டுச் சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டு, ஒரு கம்பி வலையும் வாங்கிப் பொருத்திவிட்டுப் போனார். அடுத்த வீட்டில் பஜ்ஜிக்கடை வைத்திருந்த சாந்தாமணி, மாவில் விழுந்ததை எடுத்துப் போட்டுவிட்டு மிஞ்சியதை அப்படியே எண்ணெயில் விட்டாள். தின்றவர்கள் கொஞ்சம் துவர்க்கிறது என்றார்கள், அவ்வளவுதான். ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டவர் கரண்டு கணக்கெடுக்க வந்தவர் ஒருவர்தான். "அது அப்படித்தானுங்க" என்று சொன்னார்கள். அவரும் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

துளசிமணியால் மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. அவளுக்குக் கவலைப்படுவது மூச்சு விடுவது மாதிரி. கவலைப்பட ஒன்றுமில்லாத அன்று, எதையோ மறந்துவிட்டோமோ என்று கவலைப்படுவாள். இப்போது உண்மையிலேயே ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவள் புருஷன் குழந்தைவேலின் அக்கா.

ருக்குமணி தாராபுரத்திலிருந்து தைப்பூசத்துக்கு வந்தவள், மருமகளை மடியில் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்டாள். கனிஷ்கா ஒவ்வொரு வார்த்தையிலும் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை மனதுக்குத் தோன்றியபடி சொல்லிக்கொண்டே போனாள். அத்தை ஒவ்வொரு தப்புக்கும் "ம்ஹூம்" என்று அதட்ட அதட்ட, மடியெல்லாம் எழுத்தாக விழுந்தது. ருக்குமணி சேலையை உதறிக்கொண்டு எழுந்து, "முழுப்பரீட்ச லீவு உட்டதும் நான் வருவேன். அன்னைக்கு இவ ஒரு பக்கம் நேராப் படிக்கோணும். இல்லீன்னா எங்கூரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல சேத்திருவேன். அங்க பெரம்பு இருக்குது" என்றாள்.

"இவ இன்னும் என்ற முந்தானையப் புடிச்சுட்டுத்தான் அண்ணி தூங்கறா."

"அதுக்குத்தான் சொல்றேன். உன்ற புருஷன நான் அப்பவே நாலு போட்டுப் படிக்க வெச்சிருந்தா இன்னைக்கு அவங் கை அந்த நெறத்துல இருக்குமா?"

குழந்தைவேல் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவன். அந்த வாரம் அவன் கை முழங்கை வரைக்கும் நீலமாக இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் அவனைச் சோறூட்டி வளர்த்தவள் அக்காதான், அவள் பேச்சுக்கு அவன் மறுபேச்சுப் பேசியதில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "செரிக்கா" என்றான்.

அதுவரை அடுப்படியிலிருந்தே தப்புக்குத் தப்பு உச்சுக் கொட்டிக்கொண்டிருந்த துளசிமணி, அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் முகம் கழுவி, விளக்கேற்றி, பாயை விரித்து, மகளை எதிரில் உட்காரவைத்தாள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்று, தையற்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனவள். பாடம் சொல்லிக்கொடுப்பது எப்படியென்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஆனால் தப்புப் பிடிக்கத் தெரியும். இப்போது அவள் கம்பெனியில் செக்கிங். டியூப்லைட்டுக்கு அடியில் பனியன் பனியனாக வரும்; தையல் விட்டிருந்தாலும், எண்ணெய்க் கறை இருந்தாலும், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். தப்பை மேசையிலேயே பிடிக்காவிட்டால் அது பெட்டியேறிவிடும், பெட்டியேறினது கப்பலேறிவிடும், கப்பலேறினது திரும்பி வந்து நம் தலையிலேயே விழும் என்று சூப்பர்வைசர் சொல்லிச் சொல்லி, அவளுக்கு உலகத்தில் எந்தத் தப்பையும் ஒரு நொடி விட்டுவைக்க முடியாமல் போயிருந்தது.

ஆகவே கனிஷ்கா, "யானை வாச...லில் நின்..." என்றால், "ச்சு" என்று துளசிமணி நாக்கால் உச்சுக் கொட்டுவாள்.

"நின்று..."

"ச்சு. நடுவுல ஒண்ண உட்டுட்ட பாரு. மொதல்ல இருந்து."

ஒவ்வொரு தப்புக்கும் ஒரு சிவப்பு அம்பு. கம்பெனியிலிருந்து ஸ்டிக்கர் அட்டையே கொண்டுவந்திருந்தாள். பள்ளிக்கூட நூலகத்தில் வாங்கி வந்த கதைப் புத்தகம் அது; பக்கத்தில் எழுத்து குறையக் குறைய அம்பு கூடிக்கொண்டே போயிற்று. வாரங்கள் போய், மாசி பிறந்தபோது ஒரு பக்கத்தில் அம்புகள் மட்டும்தான் இருந்தன, அவை ஒன்றுமில்லாத வெள்ளையைக் குத்திக் காட்டிக்கொண்டிருந்தன. காலையில் எழுந்ததும் துளசிமணி முறத்தை எடுத்துக்கொண்டு எட்டு வீட்டு வாசலிலும் எழுத்துகளைக் கூட்டி அள்ளிவந்து, சோற்றுக் கஞ்சி தொட்டுத் தொட்டுப் பக்கத்தில் ஒட்டுவாள். சாயங்காலம் முதல் "ச்சு" கேட்டதும் அவை கஞ்சியோடு பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும்.

பிறகு கனிஷ்கா புத்தகத்தை ஒளித்துவைக்க ஆரம்பித்தாள். ஒருநாள் அது அரிசி டப்பாவில் இருந்தது, இன்னொரு நாள் அப்பாவின் பழைய செருப்புக்கு அடியில். துளசிமணி அடிக்கவில்லை. அவளுக்குக் கை வராது. பாயில் உட்கார்ந்து, "ஏஞ்சாமி இப்படிப் பண்ற? அத்தை வந்து கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல?" என்றாள்.

கனிஷ்கா பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையைப் பிய்த்தாள். "நான் ஹாஸ்டலுக்கே போறேம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கடைக்குப் போகிறேன் என்பதுபோலத்தான் சொன்னாள். "அங்க பெரம்புதான இருக்கும். நீ இருக்க மாட்டல்ல."

அன்று துளசிமணி சோறு வடிக்க மறந்துவிட்டாள்.

மறுநாள் நல்ல தண்ணீர் விடுகிற நாள். குழாயடியில் குடம் வரிசை நின்றது. அவளுக்கு முன்னால் கடைசி வீட்டு மினதி நின்றிருந்தாள். மினதி ஒடிசாவிலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள், அதே கம்பெனியில் மடித்துப் பெட்டி போடுகிற வேலை. தமிழ் பேசப் பழகிவிட்டாள், படிக்கத் தெரியாது. அவள் வீட்டுக்கு வந்த எழுத்துகளை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. காலிப் பவுடர் டப்பாவில் போட்டு, அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்வாள். எது என்னவென்று தெரியாமலே அவற்றோடு அவளுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

"அக்கா, அந்த யானைக்குத் தொப்பி கெடச்சுதா?" என்று மினதி கேட்டாள்.

"எந்த யானை?"

"பாப்பா படிக்குதே, தெனமும். தையக்காரர் யானைக்குத் தொப்பி தைக்கிறார். துணி பத்தலை. அப்புறம் நீங்க ச்சு சொல்லிருவீங்க, திரும்ப மொதல்ல இருந்து வரும். எங்க வீட்ல அவரும் கேக்கறார், தொப்பி கெடச்சுதான்னு."

துளசிமணி யோசித்துப் பார்த்தாள். தையற்காரர் இருந்தது ஞாபகம் இல்லை. துணி பற்றாமல் போனதும் ஞாபகம் இல்லை. எந்தப் பக்கத்தில் எத்தனை அம்பு ஒட்டினாள் என்பது ஞாபகம் இருந்தது. ஆயிரக்கணக்கான பனியனைத் தொட்டும் ஒன்றையாவது யார் போடப்போகிறார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. அதேபோல மகள் வாரக் கணக்கில் அவளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கம் ஒடிசாக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், எதிரில் உட்கார்ந்திருந்த அவள் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியல மினதி" என்றாள்.

பின்னால் நின்ற சாந்தாமணி குடத்தைக் கீழே வைத்தாள். "தெரியலைன்னா சொல்றேன் கேட்டுக்க. அந்தப் புள்ள தப்பாப் படிக்கறப்ப ஒரு எழுத்தும் ஓடறதில்ல. நீ ச்சுக் கொட்டறயே, அப்பத்தான் குதிக்குது. என்ற மாவுச்சட்டில விழற சத்தம் எனக்குத் தெரியாதா? ச்சு, தொப்பு. ச்சு, தொப்பு. நல்லாத் தாளம் போடறீங்க ஆத்தாளும் மவளும்."

"என்னால நிறுத்த முடியலீங்க்கா. தப்பக் கண்டா நாக்குத் தானா வருது."

"அப்ப வாயில எதையாச்சும் வெச்சு அடைச்சுக்க."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் துளசிமணி எதையும் கேலியாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவள். அன்று சாயங்காலம் விளக்கேற்றி, பாய் விரித்து, ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப ஒரு வாய் நிறைத்துக்கொண்டு, படி என்று கையைக் காட்டினாள். கனிஷ்கா அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பாயில் சாய்ந்துவிட்டாள். குழந்தைவேல் எட்டிப் பார்த்துவிட்டு, பல்வலியா என்று கேட்டான். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

சிரித்து ஓய்ந்து கனிஷ்கா படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வார்த்தையிலேயே ஓர் எழுத்தை விட்டாள். துளசிமணியின் நாக்கு எழுந்தது. தண்ணீர் அதை அமுக்கியது. இரண்டு சொட்டு மூக்கு வழியாக வந்தது. விட்ட எழுத்து பக்கத்தின் விளிம்புக்கு வந்து, ஒரு காலைக் கீழே தொங்கவிட்டு, சத்தம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. கனிஷ்கா தட்டுத் தடுமாறி வாக்கியத்தின் முடிவுக்குப் போய்விட்டாள். போய் நின்றவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"இல்லியே" என்றாள் தனக்குத்தானே. "யானை எப்படிம்மா துணியத் தைக்கும்? தையக்காரர்தான..." விரல் தானாகத் திரும்பி வரியின் தொடக்கத்துக்கு வந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வந்து, விட்டதைக் கண்டுபிடித்து, சேர்த்துப் படித்தாள். விளிம்பில் இருந்த எழுத்து காலை உள்ளே இழுத்துக்கொண்டு, தன் இடத்துக்குப் போய், பூனை சுருண்டு படுப்பதுபோலப் படுத்துக்கொண்டது.

துளசிமணி தண்ணீரை விழுங்கினாள். "அப்புறம்?" என்றாள். "துணி பத்தலைன்னு சொன்னயே, என்ன பண்ணாரு?"

அந்த மாதம் முழுக்க அவள் வீட்டில்தான் தண்ணீர்ச் செலவு அதிகம் என்று லைன் வீட்டில் பேசிக்கொண்டார்கள். நல்ல தண்ணீரையா இப்படிப் பாழாக்குவது, உப்புத் தண்ணீரை வைத்துக்கொள் என்று சாந்தாமணி திட்டினாள். உப்புத் தண்ணீர் வைத்தால் முகம் கோணுகிறது, அதைப் பார்த்தால் பிள்ளை தப்பென்று கண்டுபிடித்துவிடுகிறாள் என்று துளசிமணி சொன்னாள். அம்புகளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். கடினமான வரி வந்தால் வாயைக் காலி செய்துகொண்டு, மகளோடு சேர்ந்து கூடவே மெல்ல முணுமுணுத்தாள், சைக்கிள் பழகுகிறவளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுபோல. பிள்ளை பிடித்துக்கொண்டதும் குரலை விட்டுவிட்டாள். அலுப்புத் தெரிகிற முன்பே புத்தகத்தை மூடினாள்.

எழுதுவதற்கு வேறொரு வழி அவளுக்குத் தானே தோன்றியது. தாம்பாளத்தில் ராகி மாவைப் பரப்பி, புத்தகத்தில் ஒரு வார்த்தையைக் காட்டுவாள். கனிஷ்கா அதைக் கை தட்டித் தட்டிப் பிரித்துச் சொல்லிப் பார்ப்பாள். உடனே துளசிமணி ஒரு பனியன் துண்டைப் போட்டு அதை மூடிவிடுவாள். பிள்ளை மனசில் இருப்பதை மாவில் விரலால் எழுதி, துண்டைத் தானே விலக்கி, தானே பார்த்து, "அச்சச்சோ, கொம்பு எங்க போச்சு" என்று தானே போட்டுக்கொள்வாள். அம்மா அதற்கு வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. மறுநாள் அந்த மாவிலேயே களி கிண்டினார்கள்.

வெளியே போன எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. சுவரேறி வந்தன, துணிக்கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தன, சாக்கடை வலைக்குள்ளிருந்து குளித்தமாதிரி வந்தன. லைன் வீட்டுக்காரர்கள் விருந்தாளியை வழியனுப்புவதுபோல வாசல் வரைக்கும் வந்து அனுப்பினார்கள். பஜ்ஜி இப்போதெல்லாம் சப்பென்று இருக்கிறது என்று வாடிக்கைக்காரர் ஒருவர் குறைப்பட்டார். மினதியின் டப்பாவிலிருந்தவை மட்டும் கிளம்பாமல் இருந்தன. மினதி அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கனிஷ்கா ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து அதன் பேரைச் சொல்ல, மினதி திருப்பிச் சொல்ல, பேர் கேட்டதும் அவை எழுந்து புத்தகத்துக்குப் போயின. யானைக்குத் தொப்பி கிடைத்த அன்று, கடைசி வீட்டிலிருந்து மினதியின் புருஷன் கை தட்டுவது எல்லாருக்கும் கேட்டது.

லீவு விட்டதும், சொன்னபடியே ருக்குமணி வந்தாள். பிள்ளையின் துணிமணி வைக்க ஒரு புதுத் தகரப்பெட்டி வாங்கி வந்திருந்தாள். துளசிமணி அடுப்படிக்கு ஓடினாள். காப்பியில் சர்க்கரை போட்டோமா என்று இரண்டு முறை குடித்துப் பார்த்தாள். ருக்குமணி பையிலிருந்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். "மனப்பாடம் பண்ணத ஒப்பிக்க வேண்டாம். இதப் படி."

குடை ரிப்பேர்காரர் ஒருவர் மழைக்காகக் காத்திருக்கிற கதை அது. கனிஷ்கா விரலை வைத்துப் படித்தாள். மெதுவாகத்தான் படித்தாள். நாலாவது வரியில் ஓர் எழுத்தை விட்டாள். அது விளிம்புக்கு வந்தது. அவள் வாக்கியத்தை முடித்து, திரும்பி வந்து, அதைச் சேர்த்துக்கொண்டு மேலே போனாள். பக்கம் முடிந்தது. பாயில் ஒன்றும் விழவில்லை. வாசலில் நின்ற சாந்தாமணி மூச்சை விட்டாள்.

ருக்குமணி சேலை மடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "செரி, இன்னைக்குப் படிச்சுட்டா" என்றாள். "நாளைக்குப் பாடம் பெருசாகும். பக்கத்துல உக்காந்து சொல்லித் தர ஆள் வேணுமில்ல? அஞ்சாவதுல நின்னவ நீ. அவன் அதுகூட இல்ல. இந்தா, அடுத்த பக்கத்த நீ படி. கேக்கறேன்."

துளசிமணி புத்தகத்தை வாங்கினாள். எத்தனையோ வருஷமாக அவள் சத்தமாக ஒன்றையும் படித்ததில்லை. மகளின் தப்பைப் பிடிக்க மகளின் விரலுக்குப் பின்னாலேயே போயிருக்கிறாள், கடினமான வரியில் மகளின் குரலுக்குள் ஒளிந்து முணுமுணுத்திருக்கிறாள், முன்னால் யாருமில்லாமல் தனியாகப் போனதே இல்லை. அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. இரண்டு வார்த்தை போனாள். மூன்றாவதில் தடுக்கினாள். பெரிய எழுத்து ஒன்று, பிள்ளைகள் விடுகிற எழுத்துகளைவிடக் கனமானது, பக்கத்தை விட்டுக் கழன்று, சத்தத்துக்குக்கூடக் காத்திருக்காமல் நேராக ருக்குமணியின் மடியில் போய் விழுந்தது.

ருக்குமணி வாயைத் திறந்தாள். குழந்தைவேல் நிமிர்ந்து பார்த்தான்.

கனிஷ்கா அத்தையின் முழங்காலில் கையை வைத்தாள். "பொறுங்க அத்தை" என்றாள். "அம்மா அந்த வரிய முடிக்கட்டும். அவங்களே திரும்பி வருவாங்க."

ருக்குமணி வாயை மூடிக்கொண்டாள். வெளியில் தாராபுரம் பஸ்சுக்கு நேரமாயிற்று என்று யாரோ சொன்னது எல்லாருக்கும் கேட்டது, யாரும் அசையவில்லை. துளசிமணி வரியின் கடைசி வரைக்கும் போனாள். போய் நின்றாள். நெற்றியைச் சுருக்கினாள். "இல்லியே" என்றாள். அவள் விரல், ஊசி முனை ஓட்டைக்கும் அம்பு ஒட்டுகிற அந்த விரல், திரும்பி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. ருக்குமணியின் மடியில் கிடந்த எழுத்து தலையைத் தூக்கி எழுந்தது. அது மடிப்பில் தடுக்கி விழாமல் இறங்குவதற்காக ருக்குமணி சேலையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அது பாயைக் கடந்து புத்தகத்தில் ஏறித் தன் இடத்தில் உட்காருகிற வரைக்கும் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான் குழந்தைவேல். நீலம் போய் அந்த வாரம் பச்சையாகியிருந்த கையை அவன் இந்தத் தடவை முன்னால்தான் வைத்திருந்தான். "புள்ள இங்கயே இருக்கட்டுங்க்கா."

ருக்குமணி தம்பியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், புத்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த துளசிமணியைப் பார்த்தாள். தகரப்பெட்டியைக் காலால் பாய்க்குப் பக்கத்தில் நகர்த்தினாள். அதன் மேல் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "அந்த ஆளுக்கு மழை வந்துச்சா இல்லியா? மேல படி."